பழைய யமஹா பான்ஷீயை மணல்மேட்டுக்குத் தயார் செய்வது எப்படி: முதல்முறை கட்டுபவருக்கான வழிகாட்டி

கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள கிளாமிஸ் மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக, ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் குவாட் (நான்கு சக்கர) வண்டியை வாங்கிப் பிரித்து மறுபடி கட்டி முடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. சரியான வரிசை தெரிந்திருந்தால் அது மூன்று மாத வேலைதான். நான் முதலில் கட்டிய என்ஜின் மணலில் இரண்டாவது நாளே சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டியின் ஆவணம் சரியாக இல்லாததால் ஒரு முழு மாதம் வண்டியைத் தொடாமலே காத்திருந்தேன். இந்த இரண்டு இழப்புகளையும் நீங்கள் எளிதாகத் தவிர்க்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் யமஹா பான்ஷீ 350 பற்றியது. அமெரிக்காவில் 1987 முதல் 2006 மாடல் வரை விற்ற வண்டி இது: 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், தண்ணீரால் குளிரும் என்ஜின், ஆறு கியர்கள், கிக்கர் மட்டும். நம் ஊரில் ராஜ்தூத் 350 ஓட்டியவர்களுக்கு இதன் குணம் பழகியதாக இருக்கும். 64 மில்லிமீட்டர் துளை (சிலிண்டரின் உள்விட்டம்), 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) என்ற அளவுகள் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ராஜ்தூத் காற்றால் குளிரும் என்ஜின். ஆகவே உதிரிகள் மாறிப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

கிளாமிஸில் அனுமதிச்சீட்டு தேவைப்படும் பருவம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. கூட்டமும் குளிர்ச்சியும் அந்த மாதங்களில்தான். எனவே ஜூன் மாதமே வண்டியைத் தேடத் தொடங்குங்கள். செப்டம்பரில், சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும் ரீபோர் பட்டறைகள் எல்லாவற்றிலும் வேலை குவிந்துவிடும்; ஒரு வாரத்தில் முடியும் வேலைக்கு ஐந்து வாரம் காத்திருக்க நேரும்.

1. பணம் கொடுக்கும் முன் ஆவணத்தைப் பாருங்கள்

பான்ஷீ அதிகம் திருடப்படும் வண்டிகளில் ஒன்று. சட்டகத்தின் முன்பக்கம், இடதுபுறக் கீழ்க்குழாயில் பொறித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து நீங்களே வாசியுங்கள். அந்த இடத்தில் அரைத்த தடமோ, அங்கு மட்டும் புதிய பெயிண்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எண் உரிமைப் பத்திரத்திலும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள பெயரும் உங்களிடம் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் வாங்கியபோது விற்றவரின் பெயர் பத்திரத்தில் இல்லை. அவர் இன்னொருவரிடம் வாங்கி, தம் பெயருக்கு மாற்றாமலே எனக்கு விற்றிருந்தார். முதல் உரிமையாளரைத் தேடிப்பிடித்துக் கையொப்பம் வாங்கத்தான் அந்த ஒரு மாதம் போயிற்று. கையொப்பம் கிடைக்காமல் போயிருந்தால் 2,600 டாலரும் ஒரு பெயரில்லாத இரும்புச் சட்டகமும்தான் மிச்சம்.

பத்திரம் கையில் இருந்தால் வேலை எளிது. பத்திரம் தொலைந்திருந்தால் கலிபோர்னியாவின் வண்டிப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் ரெக் 227 படிவம் கேட்கப்படும். அரிசோனா போன்ற வேறு மாநிலத்திலிருந்து வண்டி வந்தால் ரெக் 343 விண்ணப்பமும், வண்டி எண்ணை நேரில் பார்த்துச் சான்றளிக்கும் ரெக் 31 படிவமும் கேட்கப்படும். விற்பனை ரசீதுக்கு ரெக் 135 படிவத்தைப் பயன்படுத்துங்கள். வாங்கியவர் 10 நாட்களுக்குள் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் 5 நாட்களுக்குள் விற்பனையை அறிவிக்க வேண்டும். வாங்கிய விலைக்கு வரி உண்டு. பழைய பதிவு காலாவதியாகியிருந்தால் நிலுவையும் அபராதமும் உங்கள் தலையில் விழலாம் என்பதால், விலை பேசும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். எனக்கு வரி, பெயர்மாற்றம், பதிவு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 300 டாலர் ஆனது.

இன்னொன்று: சாலைக்கு வெளியே ஓட்டும் வண்டிகளுக்குக் கலிபோர்னியா தரும் பதிவு ஸ்டிக்கர்களில், 2002 மாடல் வரையிலான வண்டிக்குப் பச்சை ஸ்டிக்கர் கிடைக்கும். 2003 முதலான மாடல்களில் வண்டி எண்ணின் எட்டாவது எழுத்து 3 அல்லது சி என்று இருந்தால் அது முன்பு புகை விதியை நிறைவு செய்யாத சிவப்பு ஸ்டிக்கர் வகையாக இருந்தது. முதல் வண்டியாக 2002 அல்லது அதற்கு முந்தைய மாடலை வாங்குவதே தலைவலி குறைந்த வழி என்பது என் கருத்து.

2. வண்டியை நேரில் சோதிக்கும்போது

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்த வண்டி, குளிர்ந்த நிலையில் கிளம்பாத வண்டியாக இருக்கலாம். இரு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளவிடுங்கள். கம்பெனி நிலையில் உள்ள என்ஜின் ஏறத்தாழ 120 முதல் 130 பிஎஸ்ஐ காட்டும். அந்த எண்ணைவிட இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். பின் சக்கர அச்சையும் ஸ்விங்-ஆர்மையும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் செலவைக் கணக்கில் சேருங்கள்.

என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அதைப் பிரிக்கப் போகிறீர்கள் என்ற கணக்கிலேயே விலை பேசுங்கள். "போன மாதம்தான் என்ஜின் வேலை பார்த்தது" என்பதை நம்ப வேண்டாம். பட்டறை ரசீதைக் கேளுங்கள்.

3. எந்த அளவு என்ஜின் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இந்த இடத்தில்தான் புதியவர்களின் பணம் கரைகிறது. பிஸ்டனை ஏற்றி இறக்கும் சுழல்தண்டான கிராங்கின் ஸ்ட்ரோக்கை 4 மில்லிமீட்டர் கூட்டினால் கம்பெனி துளையிலேயே 373 சிசி ஆகும். 68 மில்லிமீட்டர் துளையுள்ள புதுச் சிலிண்டர்களையும் சேர்த்தால் 421 சிசி வரை போகலாம். ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் அந்த அளவுக்குப் போகும்போது கிராங்க், கார்புரேட்டர், கிளட்ச், சைலன்சர் என ஒன்று ஒன்றாக எல்லாவற்றையும் மாற்ற நேரும். கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் அமைப்பில் செய்யும் சிறு பிழையும் பெரிய செலவாக முடியும். முதல் என்ஜினை 64 மில்லிமீட்டர் துளையில், அல்லது ரீபோர் தேவைப்படும் அடுத்த அளவில், கம்பெனி ஸ்ட்ரோக்கிலேயே கட்டுங்கள். கம்ப்ரெஷனையும் கூட்ட வேண்டாம். அப்படிக் கட்டிய என்ஜின் பங்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலிலேயே ஓடும். பந்தய பெட்ரோலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

4. கிராங்க், சிலிண்டர், பிஸ்டன்

என்ஜின் அடிப்பாகத்தைத் திறக்காமல் மேல் பிஸ்டனை மட்டும் மாற்றுவது மலிவாகத் தெரியும். வண்டிக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டதை மறக்காதீர்கள். கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் அதே வயதுதான். கிராங்கைப் புதிய ராடுகளுடன் திருத்தி, கிராங்க் பின்களை வெல்டிங் செய்து வாங்க எனக்கு 420 டாலர் ஆனது. பட்டறையில் அதன் சுழல் நேர்த்தியை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் (உட்குழாய்) உள்ளது; 0.25 மில்லிமீட்டர் படிகளில் ரீபோர் செய்யலாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைச் சிலிண்டருடன் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டன் கைக்கு வராமல் வெறும் எண்ணை வைத்து ரீபோர் செய்யும் பட்டறையைத் தவிர்க்கவும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இடைவெளி எவ்வளவு என்பது பிஸ்டன் பெட்டியில் உள்ள தாளில் அச்சாகியிருக்கும், அதுவே இறுதி. எக்ஸாஸ்ட், இன்டேக் துளைகளின் ஓரங்களை ரீபோருக்குப் பிறகு மெல்ல மழுக்கச் சொல்லுங்கள், இல்லையேல் ரிங் அதில் சிக்கி உடையும். ரீபோர், பிஸ்டன்கள் இரண்டுக்கும் 390 டாலர், கேஸ்கட் மற்றும் சீல் தொகுப்புக்கு 110 டாலர் கொடுத்தேன்.

தண்ணீர் பம்பைத் திறந்திருக்கும்போதே தண்ணீரைத் தள்ளும் அதன் இம்பெல்லரையும் பாருங்கள். கம்பெனி இம்பெல்லர் பிளாஸ்டிக், வயதானால் நொறுங்கும். நொறுங்கியது தெரியாமல் மணலில் ஏறினால் ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் என்ஜின் கொதிக்கும்.

5. காற்றுக்கசிவுச் சோதனை: இதை விட்டுவிட்டு என்ஜினைக் கிளப்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் ஆயிலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குப் போகின்றன. அந்த அறையில் ஊசி முனை அளவு கசிவு இருந்தாலும் கார்புரேட்டருக்குத் தெரியாமல் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவை லீன் ஆகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். தெருவில் ஓட்டும்போது இது பல நாள் மறைந்திருக்கலாம். மணலில் மறையாது, ஏனென்றால் மணல் சக்கரத்தை ஓயாமல் பின்னுக்கு இழுப்பதால் என்ஜின் நிமிடக்கணக்கில் முழு திராட்டிலில் நிற்கும்.

என் என்ஜினில், மேக்னட் பக்கத்து ஆயில் சீலின் உதடு பொருத்தும்போது மடிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. சோதனைக் கருவிக்கு 60 டாலர் செலவழிக்கத் தயங்கினேன். அதனால் இடது பிஸ்டனும், ஸ்லீவும், மறுபடி ஒரு 390 டாலரும், அந்தப் பருவத்தின் மிச்ச நாட்களும் போயின.

செய்முறை இதுதான். சைலன்சர்களைக் கழற்றி இரண்டு எக்ஸாஸ்ட் துளைகளையும் ரப்பர் அடைப்பான்களால் மூடுங்கள். கார்புரேட்டர்களைக் கழற்றி ஒரு இன்டேக் ரப்பரை அடைத்து, மற்றதில் கருவியைப் பொருத்துங்கள். இரண்டு இன்டேக்குகளையும் இணைக்கும் குழாய் தன் இடத்தில் இருக்கட்டும். அதிலும் விரிசல் வரும். ஸ்பார்க் பிளக்குகளை இறுக்கிவிட்டு 6 பிஎஸ்ஐ வரை காற்றேற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். ஆறு நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை இன்டேக் ரப்பர்கள், பிறகு சிலிண்டர் அடிக் கேஸ்கட், பிறகு மேக்னட் மூடிக்குள் இருக்கும் இடது சீல். எங்கும் குமிழி இல்லாமல் முள் இறங்கினால் கிளட்ச் பக்கத்து வலது சீலைச் சந்தேகியுங்கள். கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று அதன் வழியே வரும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த வலது சீல் போனால் வெள்ளைப் புகையும், காரணமில்லாமல் குறையும் கியர் ஆயிலும் அதன் அடையாளங்கள்.

6. கார்புரேட்டரும் ஜெட்டும்

கம்பெனி கார்புரேட்டர்கள் இரண்டும் 26 மில்லிமீட்டர் மிகுனி. முழு திராட்டிலுக்கான மெயின் ஜெட் 200, ஐட்லிங்குக்கான பைலட் ஜெட் 25. உங்கள் கைக்கு வரும் வண்டியில் பெரும்பாலும் முந்தைய உரிமையாளர் வேறு சைலன்சர்களையும் திறந்த ஏர் ஃபில்டரையும் மாட்டியிருப்பார். அப்படியிருக்க 200 ஜெட்டுடன் ஓட்டுவது என்ஜினை வேண்டுமென்றே கெடுப்பதாகும். மணல்மேடுகள் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. எனவே காற்று அடர்த்தியாக இருக்கும். 280 முதல் 340 வரையான மெயின் ஜெட்களை ஜோடி ஜோடியாக வாங்கிப் பெரியதிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள், ஒருபோதும் சிறியதிலிருந்து மேலே போகாதீர்கள். பெட்ரோல் மிகுந்தால் என்ஜின் இழுக்காமல் திணறும், அவ்வளவுதான், குறைந்தால் உருகும். ஜெட்களுக்கும் கார்புரேட்டர் கேஸ்கட்டுகளுக்குமாக 90 டாலர் ஆனது.

சரியான ஜெட்டை அறியும் வழி பிளக்கின் நிறம். புதிய பி8இஎஸ் பிளக்குகளைப் போட்டு, சூடான என்ஜினை உயர் கியரில் முழு திராட்டிலில் ஓட்டி, திராட்டிலை விடாமலே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானின் அடியில் வெளிர்பழுப்பு வளையம் தெரிய வேண்டும். முழு வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஜெட்டை மாற்றுங்கள். இரு பிளக்குகளும் இரு நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஜெட்டின் குற்றமல்ல; ஒரு பக்கம் கசிவு இருக்கிறது, அல்லது கார்புரேட்டர்களில் காற்றுவழியைத் திறக்கும் இரு ஸ்லைடுகளும் ஒரே நேரத்தில் எழவில்லை. திராட்டிலை மெல்ல அழுத்தி இரண்டும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்துக் கேபிளைச் சரிசெய்யுங்கள்.

அக்டோபர் நண்பகலில் சரியாக இருந்த ஜெட் டிசம்பர் இரவில் சரியாக இராது. குளிர்காற்று அடர்த்தியானது, ஆகவே ஒரு படி பெரிய ஜெட் வேண்டும். இரவில் ஓட்ட விரும்புபவர் இதை முகாமிலேயே மாற்றப் பழகிக்கொள்வது நல்லது.

டார்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பைப் பற்றி ஒரு சொல். ஸ்லைடு திறந்தபடி சிக்கிக்கொண்டால் தீப்பொறியைத் துண்டிப்பது அதன் வேலை. பழைய வண்டியில் அதன் சுவிட்சுகள் கெட்டு, காரணமில்லாமல் என்ஜின் விட்டுவிட்டு அடிக்கும். பலர் அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் அலைவதுண்டு. அதைக் கழற்றுபவர், உடலோடு கட்டிக்கொள்ளும் கயிற்றுச் சுவிட்சைக் கட்டாயம் பொருத்த வேண்டும். கீழே விழுந்ததும் கயிறு பிடுங்கப்பட்டு என்ஜின் அணைய வேண்டும்.

7. ஆயில் கலவையும் முதல் ஓட்டமும்

பான்ஷீயில் தனி ஆயில் பம்ப் இல்லை. ஆயிலைப் பெட்ரோலில் கலந்தே ஊற்ற வேண்டும். மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றினால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நான் 32-க்கு 1 என்ற அளவில் கலக்கிறேன். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மில்லி. கலந்த கேனில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பாதுகாப்புக்காக ஆயிலைக் கூடுதலாக ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள்: ஆயில் கூடினால் ஜெட் வழியே போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைந்து கலவை லீன் ஆகும். அளவை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

புதிய என்ஜினை மூன்று முறை சூடாக்கி, ஒவ்வொரு முறையும் முழுமையாக ஆறவிட்டு, பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் ரேடியேட்டர் கைக்கு வெதுவெதுப்பாகும் வரை காத்திருங்கள். ஃபோர்ஜ் பிஸ்டன் இரும்பு ஸ்லீவைவிட விரைவில் விரிவதால், குளிர்ந்த என்ஜினை உடனே முறுக்கினால் அப்போதே பிடித்துக்கொள்ளும். நீண்ட சரிவில் திராட்டிலை முழுவதும் மூடியபடி வேகமாக இறங்குவதும் ஆபத்துதான். பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

8. சக்கரம், செயின், ஏர் ஃபில்டர்

மணலில் பின் சக்கரத்துக்குத் துடுப்பு டயர் (மணலைத் தள்ளும் துடுப்பு போன்ற பட்டைகள் கொண்டது) வேண்டும். முன்னுக்கு நடுவில் ஒற்றை வரம்புள்ள டயர். ரிம்மோடு நான்கையும் பயன்படுத்திய நிலையில் 640 டாலருக்கு வாங்கினேன். வாங்கும்போது முன்பக்க போல்ட் அமைப்பு 4/144 (144 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட்), பின்பக்கம் 4/115 என்பதைச் சரிபாருங்கள்; வேறு வண்டியின் ரிம்மை மலிவாக வாங்கி ஏமாறுபவர்கள் பலர். துடுப்பு செயினில் உரசாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கம்பெனி ஸ்ப்ராக்கெட் முன் 14, பின் 41. மேட்டில் ஏறும்போது என்ஜின் வேகம் இறங்கிவிட்டால் முன்னே 13 பல் போடுங்கள், செலவு மிகக் குறைவு. கிளட்ச் தட்டுகளும் கடினமான ஸ்பிரிங்குகளும் 160 டாலர்.

ஏர் ஃபில்டருக்கு ஆயில் தடவி, அதன் மேல் துணி உறையும் போடுங்கள். ஆயில் தடவாத ஃபில்டர் நுண்மணலை நிறுத்தாது. மூன்று ஃபில்டர்களைத் தயாராக எடுத்துச் செல்வது முகாமில் கழுவிக்கொண்டிருப்பதைவிட எளிது.

9. விதிகள் கேட்பவை

தரையிலிருந்து 8 அடி உயரக் கம்பத்தில் கொடி, ஹெல்மெட், இருட்டியபின் முன் விளக்கும் சிவப்புப் பின் விளக்கும் கட்டாயம். விளக்குகளைக் கழற்றிய வண்டியை வாங்கியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். கொடிக்கம்பத்துக்கும் விளக்குகளுக்கும் எனக்கு 130 டாலர். சத்த வரம்பு 96 டெசிபல். உள்ளே பஞ்சு எரிந்துபோன பழைய சைலன்சர் இதைத் தாண்டிவிடும், புதிதாகப் பஞ்சு அடைப்பது அரை நாள் வேலை. பான்ஷீ ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டி; பின்னால் யாரையும், குழந்தையைக்கூட, ஏற்றக் கூடாது. முகாம்களிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் 50 அடிக்குள் வேகம் மணிக்கு 15 மைல்.

இதுவரை வண்டி உட்பட என் செலவு, ஹெல்மெட்டும் கவசங்களும் சீஸ் ஆனதன் இழப்பும் நீங்கலாக, ஏறத்தாழ 4,900 டாலர்.

10. மணல்மேட்டில் முதல் நாள்

அனுமதிச்சீட்டு குவாட்டுக்கு அல்ல, நீங்கள் வந்து சேரும் கார் அல்லது டிரக்குக்கு. நான் வாங்கிய பருவத்தில் ஒரு வாரச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் 35 டாலர், அங்கே போய் வாங்கினால் 50 டாலர்; கிளம்பும் முன் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள். 78-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி வடக்கே உள்ள மணல்மேடுகள் வனப்பாதுகாப்புப் பகுதி. அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. முதல் பயணத்துக்குத் தாங்க்ஸ்கிவிங், புத்தாண்டு வார இறுதிகளைத் தவிர்த்து, நவம்பர் தொடக்கத்தில் ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். கூட்ட நாட்களில் பெரும் மேடுகளின் அடிவாரமே நெரிசலான சந்தி ஆகிவிடும்.

அங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால், மேடுகளின் வடமேற்குப் பக்கம் சாய்வாகவும் தென்கிழக்குப் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். சாய்வில் வேகமாக ஏறி உச்சியைத் தாண்டினால் மறுபக்கம் தரையே இராது. உச்சிக்கு முன் வேகத்தைக் குறைத்து, வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி நின்று பார்த்த பிறகே இறங்குங்கள். நண்பகல் வெளிச்சத்தில் நிழல் விழாது என்பதால் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியா. முதல் ஓட்டத்தைக் காலை எட்டு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிளக் நிறம், கியர் ஆயில் அளவு, செயின் தளர்வு, சக்கர நட்டுகள் ஆகிய நான்கையும் பாருங்கள். வீடு திரும்பியதும் கார்புரேட்டர் கிண்ணங்களைக் காலி செய்து, மீந்த கலவையை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எத்தனால் கலந்த கலிபோர்னியா பெட்ரோல் நின்றால் பைலட் ஜெட்டை அடைத்துவிடும். இரண்டாவது பயணத்துக்கு முன் காற்றுக்கசிவுச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். கருவி கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை.